டிஸ்க் இல்லாத லேப்: எஸ்எஸ்டி இவ்வளவு மலிந்த பிறகும் நெட்வொர்க் பூட் வேண்டுமா?

கேள்வி, 12.06.2023

எங்கள் பள்ளி லேபில் 30 சிஸ்டம் இருக்கிறது. பாதி கோர் 2 டியோ, மீதி ஐ3. பல மெஷின்களில் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. சர்வீஸ்காரர் எல்லாவற்றுக்கும் எஸ்எஸ்டி போட்டுவிடலாம் என்கிறார். முன்னாள் மாணவர் ஒருவர், "டிஸ்க்கே வேண்டாம் டீச்சர், ஒரு சர்வரை வைத்தால் எல்லாம் அதிலிருந்தே பூட் ஆகும்" என்கிறார். இது இப்போதும் நடக்கிற காரியமா, இல்லை பழைய காலத்து வித்தையா? பிள்ளைகளுக்கு லிப்ரே ஆபீஸ், ஸ்க்ராட்ச், பைத்தான், பிரவுசர் இருந்தால் போதும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

12.06.2023, இரவு

நடக்கும் டீச்சர். நான் பார்த்துக்கொள்ளும் கல்லூரி லேப் பல வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. ஆனால் டிஸ்க் காசு மிச்சமாகும் என்று இதில் இறங்காதீர்கள். அந்தக் கணக்கு எப்போதோ செத்துவிட்டது. ஸ்விட்ச், கேபிள், சர்வருக்கு ராம் என்று அந்தக் காசு வேறு வழியில் போய்விடும்.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. முப்பது சிஸ்டத்திலும் ஒரு சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டுமென்றால் இன்றைக்கு முப்பது நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும். டிஸ்க் இல்லாத லேபில் சர்வரில் ஒரு முறை ஏற்றி, இமேஜை (முழு சிஸ்டமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) புதுப்பித்தால் வேலை முடிந்தது. பையன் டெஸ்க்டாப்பில் பேனலை இழுத்து எங்கேயோ போட்டுவிட்டானா, செட்டிங்கைக் கெடுத்துவிட்டானா? பவர் பட்டனை அமுக்கி மறுபடி போடச் சொல்லுங்கள், புதிதாக எழுந்து வரும். இமேஜ் வாசிக்க மட்டும்தான். எழுதுவதெல்லாம் அந்த சிஸ்டத்தின் ராமில் ஒரு மேல் அடுக்காக நிற்கும், அணைத்தால் போய்விடும். மாணவர்களின் சொந்தக் கோப்புகள் மட்டும் சர்வரில் அவரவர் ஹோம் ஃபோல்டரில் சேரும்.

இதற்குக் கொடுக்கும் விலையையும் சொல்லிவிடுகிறேன். சர்வர் படுத்தால் லேபே படுக்கும். பிராக்டிகல் தேர்வு அன்று அப்படி நடந்தால் யார் பதில் சொல்வது என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

13.06.2023

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாத் தொல்லையும் இங்கேதான் பிறக்கிறது.

சிஸ்டத்தை ஆன் செய்ததும் நெட்வொர்க் கார்டில் இருக்கும் பிஎக்ஸ்இ (நெட்வொர்க்கிலிருந்து பூட் செய்யும் சின்ன மென்பொருள்) விழிக்கிறது. இன்டெல் 1999-இல் வெளியிட்ட 2.1 பதிப்புதான் இன்றைக்கும் பயாஸ் மெஷின்களில் ஓடுவது. அது டிஎச்சிபி (ஐபி முகவரி பங்கிடும் முறை) மூலம் "எனக்கு ஒரு ஐபி கொடு, எந்தக் கோப்பை எங்கே எடுக்க வேண்டும் என்றும் சொல்" என்று கூவும். பதில் வந்ததும் டிஎஃப்டிபி (கோப்பு அனுப்பும் எளிய முறை) வழியாக ஒரு சின்ன பூட் கோப்பை இறக்கும். பெரும்பாலும் அது ஐபிஎக்ஸ்இ, அதாவது இன்னும் திறமையான ஒரு பிஎக்ஸ்இ. ஐபிஎக்ஸ்இ எழுந்து தன் பங்குக்கு மறுபடி டிஎச்சிபி கேட்கும். கெர்னலையும் (லினக்ஸின் மையப் பகுதி) இனிட்ஆர்டியையும் (அது எழ உதவும் சின்னக் கோப்புத் தொகுப்பு) இறக்கும். கெர்னல் எழுந்ததும் கார்டை முதலிலிருந்து தொடங்கி மூன்றாவது முறையாக டிஎச்சிபி கேட்கும். அதன் பிறகுதான் என்எஃப்எஸ் (கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் முறை) வழியாக இமேஜ் மவுண்ட் ஆகும், அதாவது டிஸ்க் போல இணையும்.

மூன்று பேர், மூன்று கேள்வி. எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று தெரிந்தால் பாதிப் பழுது சரியான மாதிரி. திரையில் பிஎக்ஸ்இ-இ51 என்று வந்தால் டிஎச்சிபி பதிலே வரவில்லை. இ53 என்றால் ஐபி கிடைத்தது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. இ32 என்றால் பெயர் தெரியும், டிஎஃப்டிபி சர்வர் வாயைத் திறக்கவில்லை. இ61 வந்தால் கேபிளைப் பாருங்கள், வேறெதையும் பார்க்காதீர்கள்.

முதல் இரண்டையும் தாண்டி லினக்ஸ் எழுத்துகள் ஓட ஆரம்பித்து அப்புறம் நின்றால், பிரச்சினை கெர்னலின் கார்டு டிரைவரிலோ மூன்றாவது டிஎச்சிபியிலோ என்எஃப்எஸ்ஸிலோ இருக்கிறது. அதற்கு மேல் டிஎஃப்டிபி லாகைத் தோண்டுவது நேர விரயம்.

13.06.2023, கொஞ்ச நேரம் கழித்து

மேலே ஒன்று விட்டுப்போனது. ஐபிஎக்ஸ்இ மறுபடி டிஎச்சிபி கேட்கும் என்றேன் அல்லவா? சர்வர் அதற்கும் அதே ஐபிஎக்ஸ்இ கோப்பைக் கொடுத்தால் அது தன்னையே இறக்கி, மறுபடி கேட்டு, மறுபடி இறக்கி, விடியும் வரை சுற்றிக்கொண்டிருக்கும். கேட்பது யார் என்று பார்த்து பதில் சொல்ல வேண்டும். கோரிக்கையில் ஆப்ஷன் 175 இருந்தால் வந்திருப்பது ஐபிஎக்ஸ்இ, அதற்கு மெனு கோப்பின் பெயரைக் கொடு என்று டிஎன்எஸ்மாஸ்கில் (சர்வரில் டிஎச்சிபி, டிஎஃப்டிபி இரண்டையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்) எழுதலாம். எல்டிஎஸ்பி நிறுவினால் அதுவே எழுதித் தந்துவிடும்.

எல்டிஎஸ்பி என்பதை விளக்காமலேயே பேசிக்கொண்டு போகிறேன். லினக்ஸ் டெர்மினல் சர்வர் ப்ராஜெக்ட், லேப் முழுவதையும் ஒரு சர்வரிலிருந்து பூட் செய்ய வைக்கும் மென்பொருள். 1999-இல் ஜிம் மெக்குவில்லன் தொடங்கியது. 2019-இல் அல்கிஸ் ஜார்ஜோபூலோஸ் அதை அடியிலிருந்து புதிதாக எழுதினார். கிரீஸ் நாட்டுப் பள்ளி லேப்களுக்காக வேலை செய்பவர். அதனால்தான் நம் பள்ளிகளின் தலைவலி அதற்குப் புரிகிறது. பழைய ஹவ்டூ கட்டுரைகளைப் பார்த்து எல்டிஎஸ்பி 5-க்கான கட்டளைகளை அடிக்காதீர்கள், இப்போது அது ஒன்றும் கிடையாது.

14.06.2023

"தின் கிளையண்ட்தானே இது, வீடியோ திக்கித் திக்கி ஓடுமே" என்று கேட்ட தம்பிக்கு.

இல்லை. தின் கிளையண்டில் புரோகிராம் சர்வரில் ஓடும், திரையில் தெரியும் படம் மட்டும் கம்பியில் வரும். 1024×768 திரையில் 24 பிட் நிறம், நொடிக்கு 25 பிரேம் என்றால் சுருக்காத படம் நொடிக்கு 59 எம்பி வரும். 100 எம்பிபிஎஸ் (இது பிட் கணக்கு, பைட்டுக்கு எட்டால் வகுக்க வேண்டும்) கேபிளில் அதிகபட்சம் போவதே நொடிக்கு 12 எம்பி. திக்காமல் என்ன செய்யும்?

இங்கே நான் சொல்வது வேறு. புரோகிராம் அந்தந்த சிஸ்டத்தின் சிபியூவிலும் ராமிலும்தான் ஓடுகிறது. டிஸ்க் மட்டும்தான் தொலைவில். யூடியூப் பார்த்தால் சர்வருக்கு வலிக்காது.

14.06.2023, மாலை

டீச்சரின் பதில் பார்த்தேன்: ஸ்விட்ச் 10/100 (அதிகபட்சம் 100 எம்பிபிஎஸ்), சிஸ்டங்களில் 2 ஜிபி ராம். இதைக் கேட்ட பிறகு என் முதல் பதிலில் இருந்த உற்சாகம் கொஞ்சம் இறங்குகிறது.

கணக்குப் பாருங்கள். ஒரு சிஸ்டம் டெஸ்க்டாப் வரை வர 300 எம்பி வாசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பதும் ஒரே நேரத்தில் என்றால் 9 ஜிபி. சர்வர் 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் இருந்தால் 750 நொடி, பன்னிரண்டரை நிமிடம். நாற்பது நிமிட பீரியடில் பிள்ளைகள் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சர்வர் மட்டும் ஜிகாபிட் போர்ட்டில் இருந்தால் அதே வேலை சுமார் 80 நொடி. ஆகவே ஸ்விட்ச்தான் முதல் செலவு.

சர்வருக்குப் பெரிய டிஸ்க் வேண்டாம். எல்லோரும் வாசிப்பது ஒரே இமேஜ் கோப்பு. முதல் ஆள் வாசித்ததும் அது சர்வரின் ராமில் தங்கிவிடும், மற்ற 29 பேருக்கும் அங்கிருந்தே போகும். சர்வருக்கு 16 ஜிபி ராம் போடுங்கள். ஜியான் போன்ற சர்வர் சிப் எல்லாம் வேண்டாம், நல்ல ஐ5 டெஸ்க்டாப் போதும்.

2 ஜிபி ராம்தான் எனக்கு உறுத்துகிறது. எழுதுவதெல்லாம் ராமில் என்றேன். பிரவுசரும் அதே ராமில்தான் ஓடும். நாலைந்து டேப் திறந்தால் சிஸ்டம் மூச்சு முட்டும். இசட்ராம் (ராமில் இருப்பதையே சுருக்கி வைக்கும் முறை) போட்டால் ஓரளவு தாங்கும். உயிரோடு இருக்கும் பழைய ஹார்டு டிஸ்க்குகளைக் கழற்றாதீர்கள், ஸ்வாப்புக்கு (ராம் நிரம்பினால் வழிவதை வைக்கும் இடம்) மட்டும் வைத்துக்கொள்ளலாம். அது செத்தாலும் சிஸ்டம் பூட் ஆகும்.

15.06.2023

கேபிள் பற்றி. ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். ஆகவே "இவ்வளவு நாள் நன்றாகத்தானே ஓடியது" என்ற சாட்சியத்தை நம்ப முடியாது. ஒரே கேபிளை இரண்டாகப் பிரித்து இரண்டு சிஸ்டத்துக்குக் கொடுத்த புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் உண்டு. நான் ஒரு லேபில் ஜாக்கைத் திறந்து பார்த்தபோது நீலமும் பழுப்பும் பக்கத்து மேஜைக்குப் போய்க்கொண்டிருந்தன. காசு மிச்சம் பிடித்த கை யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை.

15.06.2023

கோர் 2 டியோ மெஷின்களை இன்னும் வைத்திருப்பதற்கே டீச்சருக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம்.

19.06.2023

டிஎஃப்டிபி மெதுவாக இருக்கிறது என்று ஒருவர் புலம்பியிருக்கிறார். இருக்கத்தான் செய்யும். 512 பைட் அனுப்பும், "வந்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும், அப்புறம் அடுத்த 512. போய்வர ஒரு மில்லிசெகண்ட் என்றால் நொடிக்கு அரை எம்பி. 60 எம்பி இனிட்ஆர்டிக்கு இரண்டு நிமிடம். பிளாக் அளவை 1468 ஆக்கினால் நாற்பது நொடி. பிளாக் எண்ணுக்கு 16 பிட்தான் ஒதுக்கியிருந்ததால் அந்தக் காலத்தில் 32 எம்பிக்கு மேல் கோப்பே அனுப்ப முடியாமல் இருந்தது. பிளாக் அளவைப் பேரம் பேசும் வழி 1995-இல்தான் வந்தது.

நான் செய்திருப்பது: ஐபிஎக்ஸ்இ கோப்பை மட்டும் டிஎஃப்டிபியில் விட்டுவிட்டு, கெர்னலையும் இனிட்ஆர்டியையும் எச்டிடிபிக்கு மாற்றிவிட்டேன். சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இருந்தால் போதும். ஐபிஎக்ஸ்இக்கு எச்டிடிபி தெரியும், பழைய பிஎக்ஸ்இக்குத் தெரியாது. ஐபிஎக்ஸ்இயை நடுவில் வைப்பதற்கு எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

20.06.2023

மேனேஜ்டு ஸ்விட்ச் (செட்டிங் மாற்றக்கூடியது) வாங்கலாமா என்கிறார் டீச்சர். வாங்கலாம், ஆனால் வாங்கிய அன்றே ஒரு வேலை இருக்கிறது. ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் வளையமாகச் சுற்றிவிடாமல் தடுக்கும் முறை) இயங்கும் ஸ்விட்ச்சில் ஒரு போர்ட்டில் லிங்க் எழுந்ததும் 15 நொடி கேட்கும், 15 நொடி கற்கும், அப்புறம்தான் பாக்கெட்டை விடும். ஊருக்குப் புதிதாக வந்தவனைக் கோயில் வாசலில் உட்கார வைத்து விசாரிப்பது போல. பிஎக்ஸ்இ பொறுமைசாலி, 4, 8, 16, 32 நொடி என்று காத்திருந்து கேட்கும், எப்படியோ தப்பிவிடும். பிறகு கெர்னல் கார்டை மறுபடி தொடங்கும்போது லிங்க் விழுந்து எழும், விசாரணை முதலிலிருந்து. கெர்னல் பக்கத்து டிஎச்சிபிக்கு அவ்வளவு பொறுமை இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். "சில நேரம் பூட் ஆகிறது, சில நேரம் ஆகவில்லை" என்ற புகார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சிஸ்டங்கள் இருக்கும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் ஆக்குங்கள், சில ஸ்விட்ச்களில் போர்ட்ஃபாஸ்ட் என்று இருக்கும். புதிய ஆர்எஸ்டிபி (வேகமான ஸ்பானிங் ட்ரீ) இருந்தாலும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

23.06.2023

19-ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், "எச்டிடிபிக்கு மாற்றிய பிறகும் எங்கள் லேபில் எல்லாம் நத்தையாக ஊர்கிறது, சர்வர் ஜிகாபிட், சிஸ்டங்கள் 100" என்று எழுதியிருக்கிறார். டிஎஃப்டிபி மேல் சந்தேகம் தீர்ந்துவிட்டதால் ஃப்ளோ கன்ட்ரோலை (வேகத்தைக் குறைக்கச் சொல்லும் ஏற்பாடு) பாருங்கள்.

சர்வர் வேகமாக ஊற்றுகிறது, 100 எம்பிபிஎஸ் சிஸ்டம் மெதுவாகக் குடிக்கிறது, ஸ்விட்ச்சின் பஃபர் நிரம்புகிறது. ஸ்விட்ச் சர்வரிடம் "கொஞ்சம் நிறுத்து" என்று ஒரு பாஸ் ஃபிரேம் அனுப்புகிறது. சர்வர் நிறுத்துவது அந்த ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும். ஒரு மெதுவான ஆளால் முப்பது பேரும் நிற்கிறார்கள். சர்வரில் ஈத்டூல் கட்டளையை வைத்து அந்த கார்டின் ஆர்எக்ஸ், டிஎக்ஸ் பாஸ் இரண்டையும் அணைத்துப் பாருங்கள். சில பாக்கெட் தொலையும், தொலைந்ததை மறுபடி அனுப்புவதை டிசிபி பார்த்துக்கொள்ளும்.

டீச்சர் லேபிலும் பழைய மெஷின்கள் சில 100-இல்தான் இணையும். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

03.07.2023

பழைய கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கார்டெல்லாம் ரியல்டெக் 8139. பூட் ரோமுக்கு (பூட் மென்பொருள் இருக்கும் சிப்) ஒரு காலி சாக்கெட் இருக்கும், சிப் இருக்காது. ஈதர்பூட் என்ற பூட் மென்பொருளின் ரோம் இமேஜை இணையத்தில் தயாரித்து இறக்கி, சென்னை ரிச்சி தெருவில் 27சி256 ஈப்ரோம் சிப் வாங்கி அதில் எழுதக் கொடுப்போம். மேலே குட்டிக் கண்ணாடி ஜன்னல், அதன் வழியாகப் புற ஊதா ஒளி காட்டினால் எல்லாம் அழியும். எழுதிய பிறகு ஜன்னல் மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எங்களிடம் ஸ்டிக்கர் இல்லாத நாட்களில் கடைக்காரர் விலைச்சீட்டையே ஒட்டிக் கொடுத்தார். ஒரு கார்டின் மேல் ரொம்ப நாள் "ரூ. 45" என்று இருந்தது. அந்த ஈதர்பூட்டின் வாரிசுதான் இன்றைய ஐபிஎக்ஸ்இ, 2010-இல் கிளை பிரிந்தது.

இன்னும் பழசு வேண்டுமா? சன் நிறுவனத்தின் 3/50 வொர்க்ஸ்டேஷன்கள் எண்பதுகளிலேயே டிஸ்க் இல்லாமல் வந்தன. ஆர்ஏஆர்பி (கார்டு எண்ணைச் சொல்லி ஐபி கேட்கும் பழைய முறை) மூலம் ஐபி தெரிந்துகொண்டு, அந்த ஐபியைப் பதினாறடிமானத்தில் எழுதினால் வரும் பெயரில் டிஎஃப்டிபியில் கோப்புக் கேட்கும். 192.168.1.10 என்றால் சி0ஏ8010ஏ. பிஎக்ஸ்லினக்ஸ் (இன்னொரு பூட் மென்பொருள்) பயன்படுத்தியவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும், அதுவும் இப்படித்தான் தேடும், கிடைக்காவிட்டால் வலப்பக்கம் ஒவ்வோர் எழுத்தாகக் குறைத்துக்கொண்டே போகும்.

05.07.2023

டேலி, விண்டோஸ் எல்லாம் இப்படி ஓடுமா என்று கேட்டவருக்கு: ஓடும். ஐஸ்கசி என்ற முறையில் சர்வரின் ஒரு டிஸ்க்கைக் கம்பி வழியாக விண்டோஸுக்குக் காட்டலாம், ஐபிஎக்ஸ்இ அதிலிருந்து பூட் செய்யும். வியட்நாம், பிலிப்பைன்ஸ் கேமிங் சென்டர்கள் இதற்கென்று விற்கும் மென்பொருள்களை வைத்து ஓட்டுகின்றன. நெட்வொர்க் கார்டு டிரைவர் விண்டோஸ் பூட்டின் ஆரம்பத்திலேயே ஏற வேண்டும், லைசென்ஸைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

17.07.2023

டீச்சர் லேபில் சர்வர் வந்துவிட்டதாம். முன்னாள் மாணவர் எல்டிஎஸ்பி போட்டுக் கொடுத்திருக்கிறார். நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று காலையிலிருந்து பாதி சிஸ்டத்தில் இ32.

பாதி சிஸ்டம் என்றதுமே சந்தேகம். கிடைத்த ஐபி என்ன என்று திரையில் பார்க்கச் சொன்னேன். சர்வர் 192.168.1.10, வராத சிஸ்டங்களுக்குக் கிடைத்தது 192.168.0-வில் தொடங்கும் ஐபி. ஆபீஸ் அறையில் யாரோ புதிய வைஃபை ரவுட்டர் வாங்கி, இணையக் கேபிளை அதன் லேன் போர்ட்டில் சொருகியிருக்கிறார்கள். அதுவும் டிஎச்சிபி கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

ஏன் இ53 வராமல் இ32 வந்தது? எல்டிஎஸ்பி இயல்பாகவே ப்ராக்ஸி டிஎச்சிபி முறையில் ஓடுகிறது. ஐபி கொடுப்பது ரவுட்டர் வேலை, பூட் கோப்பின் பெயரை மட்டும் சர்வர் தனியாகச் சொல்லும். ஆகவே பெயர் எல்லோருக்கும் கிடைத்தது. வேறு தெருவில் ஐபி வாங்கிய சிஸ்டங்களால் சர்வர் வீட்டுக்கு வர முடியவில்லை, அவ்வளவுதான்.

ரவுட்டரின் டிஎச்சிபியை அணைத்ததும் சரியாகிவிட்டது. இனி லேபுக்குத் தனி நெட்வொர்க். சர்வரில் இரண்டாவது கார்டு ஒன்று போட்டு, லேப் பக்கம் சர்வரே ஐபி கொடுக்கட்டும். ஆபீஸில் யார் எதைச் சொருகினாலும் லேபுக்குத் தெரியாது.

18.07.2023

தனி நெட்வொர்க்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. டிஎஃப்டிபியில் பாஸ்வேர்டு கிடையாது. பிஎக்ஸ்இ முதலில் பதில் சொல்பவனை நம்பும். ஒரு லேப்டாப்பில் டிஎன்எஸ்மாஸ்க் ஓட்டத் தெரிந்த பன்னிரண்டாம் வகுப்புப் பையன் நினைத்தால் லேப் முழுவதையும் தனக்குப் பிடித்ததில் பூட் செய்ய வைக்கலாம். அப்படி ஒருவன் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள் டீச்சர், அவனை வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

02.08.2023

கரண்ட். சர்வருக்கு யூபிஎஸ் போட்டுவிட்டு ஸ்விட்ச்சை மறந்துவிடுவார்கள். ஸ்விட்ச் அணைந்தால் டிஸ்க் பிடுங்கிய மாதிரிதான், எல்லாத் திரையும் உறையும். பதறிப் போய் பவர் பட்டனை அமுக்க வேண்டாம். என்எஃப்எஸ் ஹார்டு மவுண்ட் என்றால் சிஸ்டம் காத்திருக்கும், ஸ்விட்ச் திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நான் ஒருமுறை ஓடிக்கொண்டிருந்த லேபில் ஸ்விட்ச்சையே கழற்றி வேறு ஸ்விட்ச்சை மாட்டினேன். மவுஸ் நகர்ந்துகொண்டிருந்தது, மெனு திறக்கவில்லை. மாட்டி முடித்ததும் அதற்குள் கிளிக் செய்த மெனுக்கள் எல்லாம் வரிசையாகத் திறந்தன.

ஆனால் ஹோம் ஃபோல்டர் எஸ்எஸ்எச்எஃப்எஸ்ஸில் (பாதுகாப்பான தொடர்பு வழியாகக் கோப்பு பகிரும் முறை) இருந்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும், அதே நிலைக்குத் திரும்பாது, லாகவுட் செய்துதான் வர வேண்டும். எல்டிஎஸ்பியில் இயல்பாக வருவது அதுதான். பிரவுசர் ப்ரொஃபைலும் அதில் மந்தமாக இருக்கும். லேபுக்குத் தனி நெட்வொர்க் அமைத்துவிட்டால் ஹோமையும் என்எஃப்எஸ்ஸுக்கு மாற்றுங்கள். பாதுகாப்பு கொஞ்சம் குறையும், அதனால்தான் தனி நெட்வொர்க் முதலில் என்று சொன்னேன்.

04.08.2023

ஐ3-களில் இரண்டு மட்டும் நெட்வொர்க் பூட் மெனுவிலேயே வரவில்லையாம். யூஇஎஃப்ஐ (பயாஸுக்கு அடுத்து வந்தது) மெஷின்களாக இருக்கும். செட்டப்பில் நெட்வொர்க் ஸ்டாக் என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். செக்யூர் பூட்டை அணையுங்கள். யூஇஎஃப்ஐக்கு வேறு பூட் கோப்பு. டிஎச்சிபியில் ஆப்ஷன் 93-இல் சிஸ்டம் தன் வகையைச் சொல்லும், 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. எல்டிஎஸ்பி இதைப் பார்த்துச் சரியான கோப்பைக் கொடுத்துவிடும், நீங்கள் எதுவும் எழுத வேண்டாம்.

11.09.2023

"இப்போது கேட்டால் எஸ்எஸ்டியா, டிஸ்க் இல்லாததா?" என்கிறார் ஒருவர். ஜூனில் சொன்னதிலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறேன். நல்ல கேபிள், ஜிகாபிட், சிஸ்டத்துக்கு 4 ஜிபி ராம் இருந்தால் டிஸ்க் இல்லாமலே போங்கள். இல்லாத இடத்தில் நடு வழி ஒன்று இருக்கிறது: சின்ன எஸ்எஸ்டி போட்டு, அதே இமேஜ் கோப்பை ஒவ்வொன்றிலும் நகல் வைத்து, அதிலிருந்து பூட் செய்வது. கெர்னல் மட்டும் சர்வரிலிருந்து வரட்டும், இமேஜ் உள்ளூரில் இருக்கட்டும். அப்போதும் அது வாசிக்க மட்டும்தான், பையன் கெடுத்தால் ரீஸ்டார்ட் போதும். இமேஜ் மாறும்போது இரவில் எல்லாவற்றுக்கும் நகல் அனுப்பும் வேலை ஒன்று கூடும். டீச்சர் 2 ஜிபி மெஷின்களுக்கு மட்டும் இதைச் செய்திருக்கிறார், ஸ்வாப்பும் அதிலேயே.

சர்வீஸ்காரருக்கும் கொஞ்சம் வியாபாரம் ஆகிவிட்டது.

13.09.2023

இமேஜ் புதுப்பிப்பவர்களுக்கு: பழைய இமேஜை உடனே அழிக்காதீர்கள். வேறு பெயரில் வைத்து ஐபிஎக்ஸ்இ மெனுவில் இரண்டாவது வரியாகச் சேர்த்துவிடுங்கள். புதியதில் ஒரு மெஷினை மட்டும் பூட் செய்து, லாகின், பிரிண்டர், ஸ்க்ராட்ச் மூன்றையும் பார்த்த பிறகு மற்றவற்றை விடுங்கள். லேபில் பிள்ளைகள் இருக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் இமேஜ் கோப்பின் மேல் எழுதவே கூடாது, மவுண்ட் ஆகியிருப்பவை நடுவில் குழம்பி நிற்கும். சாயங்காலம் எல்லாவற்றையும் அணைத்த பிறகு செய்யுங்கள். தனித்தனியாக அணைக்கச் சோம்பலாக இருந்தால் எபாப்டிஸ் என்ற மென்பொருளைச் சர்வரில் போடுங்கள், முப்பதையும் ஒரே கிளிக்கில் அணைக்கலாம்.